சிற்றெஞ்சின் அமைக்கும் கலை

பெல்மதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோர் பலர்க்கு எஞ்சின் என்னுஞ் சொல் முதற்கண் ஓர் ஒலியாகவே நினைவுக்கு வரும். தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையின் ஒரு புறத்தே, தனியறையொன்றில், ஆளுயரச் சில்லுப் பூட்டிய ஒற்றைச் சிலிண்டர் எண்ணெய் எஞ்சின் நின்று ஒலித்த காலம் ஒன்றிருந்தது. மின்கம்பிகள் மலையேறி வருவதற்கு முன்னர், கொழுந்து வாட்டும் விசிறி, கொழுந்தை அரைக்கும் ரோலர், சலிக்கும் சல்லடை ஆகிய யாவும் கூரையின் கீழ் ஓடிய ஒரே நெடுந்தண்டிலிருந்து தோல் வார்களாற் சுழற்றப்பட்டன. அத்தண்டைச் சுழற்றியது அவ்வொற்றை எஞ்சின். அதன் ஒலியில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஒரு மௌனம் உண்டு. அம்மௌனம் ஏன் உண்டாகிறது, அதனை எவ்வாறு நிரப்பலாம் என்னும் வினாவே பல சிலிண்டர் எஞ்சினுக்கு நம்மை அழைத்துச் செல்கின்றது. அத்தகைய எஞ்சினை உள்ளங்கையில் ஏந்தத்தக்க அளவிற் சுருக்கி, வீட்டுப் பட்டறையொன்றிற் செய்து, பெற்றோலூற்றி உண்மையாகவே ஓடச் செய்தல் எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஜெர்மானியரான நிக்கொலாஸ் ஓட்டோ 1876 ஆம் ஆண்டில் நான்கு வீச்சு எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். உறிஞ்சுதல், நெருக்குதல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு வீச்சுக்களில் எரிதல் ஒன்றே உழைக்கும் வீச்சு. ஏனைய மூன்றும் உழைப்பை உண்பன. உழைக்கும் வீச்சிற் பெற்ற ஆற்றலைச் சேமித்து, மற்றை மூன்றுக்கும் கடன் கொடுப்பதே கனச்சில்லின் தொழில். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுக்கு அத்துணைப் பெரிய சில்லு வேண்டியிருப்பது இதனாலேயே. நான்கு சிலிண்டர்களை ஒரே தண்டிற் பூட்டி, ஒன்று உறிஞ்சும்போது மற்றொன்று நெருக்கவும், பிறிதொன்று எரியவும், எஞ்சியது வெளியேற்றவும் அமைத்துவிட்டால், தண்டின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் ஓர் உழைக்கும் வீச்சு கிடைத்துவிடுகின்றது. கடன் வாங்கவேண்டிய தேவை பெரிதுங் குறைகின்றது, சில்லும் சிறுக்கின்றது, மௌனம் மறைந்து ஒலி ஓர் இழையாக நீள்கின்றது.

இவ்வகை எஞ்சின்களைச் சிற்றுருவில் அமைக்கும் கலை இங்கிலாந்திலேதான் முறையாக வளர்ந்தது. 1898 ஆம் ஆண்டில் பேர்சிவல் மார்ஷல் என்பார் தொடங்கிய ‘மொடல் எஞ்சினியர்’ என்னும் இதழ் அக்கலைக்குப் பள்ளிக்கூடமாய் அமைந்தது. தொடக்கத்தில் அதன் வாசகர்கள் பெரும்பாலும் நீராவி எஞ்சின்களையே செய்தனர். நீராவி எஞ்சின் பொறுமையுள்ளது. பிஸ்டன் சிறிது கசிந்தாலும், வால்வு சிறிது பிந்தினாலும் ஓடிவிடும். பெற்றோல் எஞ்சின் அவ்வாறு மன்னிப்பதில்லை. அதனைச் சிற்றுருவில், எளிய கருவிகளுடன், தொழிலாளர் ஒருவர் தம் ஓய்வு வேளையிற் செய்யலாம் என்று பல்லாண்டு எழுதியும் செய்து காட்டியும் நிறுவியவர் எட்கர் வெஸ்ட்பரி. தாம் வரைந்த எஞ்சின்கள் பலவற்றுக்கு விலங்கு, பறவைகளின் பெயரிடுதல் அவர் வழக்கம். 1940களின் பிற்பகுதியில் அவர் வெளியிட்ட ‘சீல்’ என்னும் வரைபடம், நான்கு சிலிண்டரும் நீர்க்குளிர்ச்சியும் பக்கவால்வும் உடைய 15 கன சென்ரிமீற்றர் எஞ்சினாகும். போர் முடிந்து பொருட்பற்றாக்குறை நிலவிய அந்நாட்டில், மோட்டார் வண்டி வாங்கவியலாத பலர் மோட்டார் வண்டியின் எஞ்சினைச் சிற்றுருவிற் செய்து மேசைமேல் வைத்து ஓட்டினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ‘சீல்’ எஞ்சினுக்குரிய வார்ப்புக்களை வாங்கி அமைப்போர் இன்றும் உளர்.

நம்மவருள் இம்மனப்பாங்குக்குச் சான்று தேடுவோர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவை (1893–1974) நினைப்பர். இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதனைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகவே பொறியியலைக் கற்றவர் அவர். பின்னர் 1937 ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் அவருடைய முயற்சியும் டி. பாலசுந்தரம் நாயுடுவின் முயற்சியும் கூடியமையால் உருவாயிற்று. நம் தோட்டப் பகுதிகளிலும் கழற்றிப் பூட்டும் கைகளுக்குக் குறைவிருந்ததில்லை. களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதைப் புகைவண்டி 1912 இல் இரத்தினபுரியையும், பெல்மதுளையைக் கடந்து 1919 இல் ஒப்பநாயக்கையையும் அடைந்தது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பாதை மூடப்படும்வரை இவ்வூர்ச் சிறுவர்க்கு அதுவே நடமாடும் பொறியியற் கண்காட்சி. ஆயினும் எஞ்சினைப் பார்த்தலும் பழுது பார்த்தலும் ஒன்று. இல்லாத எஞ்சினை உலோகத்திலிருந்து உண்டாக்குதல் வேறொன்று. முன்னதில் நாம் தேர்ந்தோம். பின்னதில் நமக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. வாய்ப்பை நாமாகத் தேடியதும் குறைவே என்பது என் கருத்து.

இனி, பேரெஞ்சினின் வரைபடத்தை எடுத்து எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்திற் குறைத்துவிட்டாற் சிற்றெஞ்சின் ஆகிவிடாதா என்று மாணவர் வினவுவர். ஆகாது. இதன் காரணம் வகுப்பறைக் கணிதத்திலேயே உண்டு. 1,500 கன சென்ரிமீற்றர் கொண்ட சாதாரண மோட்டார் எஞ்சினையும் 15 கன சென்ரிமீற்றர்ச் சிற்றெஞ்சினையும் ஒப்பிடுக. கனவளவு நூறிலொன்றாகக் குறைந்துள்ளது. நீள அளவுகளோ நூறின் கனமூலமாகிய ஏறக்குறைய 4.6 மடங்கே குறைந்துள்ளன. மேற்பரப்பு ஏறக்குறைய 21.5 மடங்கு குறைந்துள்ளது. ஆகவே, உள்ளே எரியும் வாயுவின் ஒவ்வோர் அலகுக்கும் வெப்பத்தைக் களவாடும் சுவர்ப்பரப்பு 4.6 மடங்கு மிகுதியாய் நிற்கின்றது. எரிபொருளிற் பிறந்த வெப்பம் பிஸ்டனைத் தள்ளுமுன் சுவரினூடே ஓடிவிடுகின்றது.

கசிவும் இவ்வாறே. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே எவ்வளவு திறமையுள்ளவரும் சிறிது இடைவெளி விட்டே தீரல் வேண்டும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மனிதத் தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய மூன்றிலொன்று. மூன்றங்குல விட்டமுள்ள பிஸ்டனுக்கு அஃது ஒரு பொருட்டன்று. அரை அங்குலத்தைச் சற்றே விஞ்சிய பிஸ்டனுக்கு அதுவே பெருவாயில். எரிபொருளும் நம் விருப்பப்படி சுருங்குவதில்லை. பெற்றோலின் துளி பேரெஞ்சினில் எப்பருமனோ சிற்றெஞ்சினிலும் ஏறக்குறைய அப்பருமனே, குழாயோ சிறியது. எனவே ஆவியாகாத துளிகள் குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடந்து, எஞ்சினைச் சிறிது நேரம் பட்டினியிலும் சிறிது நேரம் வெள்ளத்திலும் வைக்கின்றன. இயற்கையின் விதிகளைச் சுருக்கவியலாமையாற் சிற்றெஞ்சினுக்கெனத் தனி வரைபடம் வேண்டும். வெஸ்ட்பரி போன்றோரின் உண்மையான அருமை இவ்விடத்தேதான்.

ஸ்பெயின் நாட்டில் பத்தேலோ என்று அறியப்பட்ட முதியவர் ஒருவர், பன்னிரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து 12 கன சென்ரிமீற்றரே ஆகும் எஞ்சினொன்றை 1,200 மணிநேரத்துக்கு மேல் உழைத்துச் செய்தார். பார்ப்போர் வியக்கும் கைத்திறன் அது. எனினும் அது அழுத்தக் காற்றினால் ஓடுவது, தீயினால் ஓடுவதன்று. அவ்வளவு சிறிய சிலிண்டரில் மேற்கூறிய கணக்குகள் யாவும் தீக்கு எதிராய் நிற்கும். அவர் தம் எல்லையை அறிந்து நின்றார் என்றே கொள்ளல் வேண்டும். தீயினால் ஓடவேண்டும் என்று விரும்புவோர்க்கு நான்கு சிலிண்டருக்கு 15 கன சென்ரிமீற்றர் என்பது தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. துளை 5/8 அங்குலமும் வீச்சு 3/4 அங்குலமும் கொண்டு கணக்கிடுவார்க்கு அவ்வளவு கிடைக்கும்.

கருவிகளுள் இன்றியமையாதது லேத் எனப்படும் கடைசற் பொறி. இங்கிலாந்தில் 1946 ஆம் ஆண்டு முதல் மைபோர்ட் நிறுவனம் செய்த சிறு கடைசற் பொறி இத்துறையினர்க்கு நெடுங்காலம் துணை நின்றது. அந்நிறுவனம் 2011 இல் மூடப்பட்டது. இன்று சீனாவிலிருந்து வரும் சிறு பொறிகள் மலிவாய்க் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர் முதல் ஒரு மாதத்தை அப்பொறியையே கழற்றித் துப்புரவாக்கிச் சீர்செய்வதிற் செலவிடல் நன்று. அதன்மேல் ஒரு துளைபொறி, நல்ல மைக்குரோமீற்றர், அரங்கள், பொறுமை. கணினி செலுத்தும் பொறிகளும் இப்போது வீட்டுப் பட்டறைகளிற் புகுந்துவிட்டன. அவற்றை நான் வெறுப்பவனல்லேன். ஆனால் உலோகத்தின் உள்ளே உறங்கும் விறைப்பைக் கணினி அறியாது என்பதைக் கிராங்குத் தண்டு செய்வோர் அறிவர்.

கிராங்குத் தண்டே இவ்வெஞ்சினின் முதுகெலும்பு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதலாம், நான்காம் மடிப்புக்கள் ஒரு புறமாகவும், இரண்டாம், மூன்றாம் மடிப்புக்கள் எதிர்ப்புறமாகவும் அமையும். நான்கும் ஒரே தளத்திற் கிடப்பதனால், தட்டையான உருக்குச் சட்டமொன்றிலிருந்தே தண்டு முழுவதையும் வெட்டியெடுக்கலாம். வீச்சு 3/4 அங்குலமாயின் மடிப்பின் விலக்கம் அதிற் பாதியாகிய 3/8 அங்குலம். ஒன்றேகால் அங்குல அகலமுள்ள சட்டத்தின் இரு முனைகளிலும் மும்மூன்று மையக் குழிகள் இடப்படும்: நடுவில் ஒன்று, அதற்கு இருபுறமும் 3/8 அங்குலத் தொலைவில் ஒவ்வொன்று. இரு முனைக் குழிகளும் ஒன்றுக்கொன்று நேர் நில்லாவிடில் பின் எவ்வளவு திறமை காட்டினும் பயனில்லை. சட்டத்தை எந்தக் குழியிற் பிடித்துச் சுழற்றுகின்றோமோ அந்த அச்சைச் சுற்றியே கத்தி வட்டம் வெட்டும். ஆகவே ஒரு புறக் குழிகளிற் பிடித்து முதலாம், நான்காம் முளைகளையும், மறுபுறக் குழிகளிற் பிடித்து இரண்டாம், மூன்றாம் முளைகளையும், இறுதியாக நடுக்குழிகளிற் பிடித்துத் தாங்கிகளில் அமரும் பகுதிகளையும் கடைதல் வேண்டும்.

கேட்பதற்கு எளிது. இடர் யாதெனின், உருளையிடையே நசுக்கி இழுக்கப்பட்ட உருக்கின் உள்ளே விறைப்பு உறைந்து கிடக்கின்றது. ஒரு பக்கத்து உலோகத்தை நீக்கியவுடன் மறுபக்கத்து விறைப்பு வெற்றி பெற்றுச் சட்டத்தை வளைத்துவிடும். எனவே முதலில் முரடாக வெட்டி, ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, மெல்ல ஆறவிட்டு, அதன் பின்னரே இறுதி அளவுக்குக் கடைதல் முறை. இன்னுமொரு விதியுண்டு. ஒரு முளையைக் கடைந்து முடித்ததும் அதன் இரு கைகளுக்கிடையே உண்டான இடைவெளியில் அளவாக வெட்டிய உலோகத்துண்டை இறுக்கமாக அடைத்தல் வேண்டும். அடையாவிடில், அடுத்த முளையைக் கடையும்போது கடைசற் பொறியின் முனை கொடுக்கும் அழுத்தமே தண்டைக் கிளிஞ்சல் போல மூடிவிடும்.

இவ்விதியை நூல்களிற் படித்தறிந்திருந்தும் நான் ஒருமுறை மீறினேன். மூன்று முளைகள் முடிந்திருந்தன. மாலையாகிவிட்டது; நான்காவதை முடித்துவிட்டே எழவேண்டும் என்ற ஆசை. அடைதுண்டு ஒன்று தளர்ந்து விழுந்தமையைக் கண்டும், ‘மெல்லவே வெட்டுவோம்’ என்று துணிந்தேன். கத்தி உலோகத்தைக் கவ்விற்று. ஒரு சிறிய ஒலி, அவ்வளவே. கழற்றி அளந்து பார்த்தபோது தண்டு ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பன்னிரண்டு பங்கு கோணியிருந்தது. மூன்று மாத மாலைகளின் உழைப்பு அது. நிமிர்த்திப் பயன்படுத்தலாம் என்று நண்பர் சிலர் கூறினர். நிமிர்த்திய தண்டு சூடேறியதும் தன் பழைய கோணலுக்கே திரும்பும் என்று நான் அஞ்சினேன். அதனை மேசைமேற் காகிதப்பாரமாக வைத்துவிட்டுப் புதுச்சட்டம் வாங்கினேன். இரண்டாவது தண்டு ஆறு வாரத்தில் முடிந்தது. கைகள் கற்றிருந்தன போலும்.

சிலிண்டரின் உட்புறத்தைச் செம்மைப்படுத்தும் பகுதி இரத்தினபுரி மாவட்டத்தார்க்குச் சொல்லித் தரவேண்டாத ஒன்று. வார்ப்பிரும்பாலான சிலிண்டரைக் கத்தியாற் குடைந்தபின் அதன் சுவரில் நுண்ணிய வரிகள் எஞ்சும். அவற்றைப் போக்க, செம்பு அல்லது அலுமினியத்தாற் செய்த உருளையொன்றின்மேற் சாணைத்தூளை எண்ணெயிற் குழைத்துப் பூசி, அதனைச் சிலிண்டரினுள் முன்னும் பின்னுமாகச் சுழற்றித் தேய்ப்பர். மென்மையான செம்பு வன்மையான இரும்பைத் தேய்ப்பது எங்ஙனம் என்று ஐயம் எழலாம். தூள் மென்மையான உலோகத்திற் பதிந்து அங்கேயே நிலைத்துவிடுகின்றது. பதிந்த தூள் எதிரேயுள்ள வன்மையான உலோகத்தை வெட்டுகின்றது. பெல்மதுளையிலும் இரத்தினபுரியிலும் மாணிக்கக்கல் தீட்டுவோர் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதுவே. வில்லால் இழுத்துச் சுழற்றிய பழைய சாணைத்தட்டும், இன்றைய மின்மோட்டார்த் தட்டும் இவ்விதியாலேயே கல்லை மெருகேற்றுகின்றன. தீட்டப்படும் நீலக்கல்லும் கெம்பும், தீட்டும் சாணைத்தூளும் ஒரே கனிப்பொருளாயிருத்தலும் உண்டு. அக்கனிப்பொருளுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் நம் ‘குருந்தம்’ என்னும் சொல்லிலிருந்தே சென்றது. கனிப்பொருளியலார் கூறும் வன்மை வரிசையில் வைரத்துக்கு அடுத்ததாக, ஒன்பதாம் படியில் அது நிற்கின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. கல் தீட்டுவோர் கல்லைக் கழுவிவிட்டால் வேலை முடிந்தது. எஞ்சின் செய்வோர்க்கோ அத்தூளின் ஒரு மணியேனும் சிலிண்டரின் துளைகளில் ஒளிந்திருந்தால், அது எண்ணெயுடன் கலந்து எஞ்சினை உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். மண்ணெண்ணெயிற் கழுவி, சவர்க்காரநீரிற் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துத் துணியிற் கறை படாத வரை ஓயாமை நன்று.

பிஸ்டன் வளையங்கள் சிறியன; ஆயின் எஞ்சின் மூச்சு விடுவதும் விடாததும் அவற்றைப் பொறுத்தன. மெல்லிய வார்ப்பிரும்பு வளையத்தைச் சிலிண்டரின் அளவுக்கே கடைந்து, ஓரிடத்திற் பிளந்து, பிளவைச் சிறு முளையால் விரித்தபடி செந்நிறம் வரச் சூடேற்றி ஆறவிட்டால், அது எப்போதும் விரிய முயலும் வில்லாகிவிடும். பிஸ்டனுக்கு இரண்டாக எட்டு வளையம் வேண்டுமாயின் இருபது செய்து வைக்குக. பூட்டும்போது உடைவன உடையும்.

கேம் தண்டு மூளைக்கு வேலை தருவது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்வால்வு ஒன்று, வெளிவால்வு ஒன்றாக எட்டு மேடுகள் ஒரே தண்டில், ஒவ்வொன்றும் குறித்த கோணத்தில் நிற்றல் வேண்டும். கேம் தண்டு கிராங்குத் தண்டின் பாதி வேகத்திற் சுழல்வதால், சிலிண்டர்கள் எரியும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று கொண்டால், அவ்வரிசைப்படி மேடுகள் 90 பாகைக்கு ஒன்றாக அமையும். கோணங்களைப் பிரிப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அறுபது பற்கள் கொண்ட பற்சில்லொன்றைக் கடைசற் பொறியின் சுழல்தண்டிற் பூட்டி, பல்லுக்குப் பல் தடுக்கும் ஊசியொன்று வைத்துவிட்டால் ஒரு பல்லுக்கு ஆறு பாகை கிடைக்கும். பதினைந்து பல் நகர்த்தினால் 90 பாகை. மேட்டின் வளைவைச் சில பாகைக்கு ஒருமுறை குறித்த ஆழத்துக்கு வெட்டி, எஞ்சும் நுண்ணிய படிகளை மெல்லிய அரத்தால் நீவிவிடுவர். ஒவ்வொரு படிக்கும் ஆழத்தைக் கணக்கிடும் வேலை முன்னாளில் ஓரிரவு முழுவதும் மடக்கை வாய்ப்பாட்டோடு அமர்ந்து செய்வது. இன்று கணினி அதனை நொடியிற் செய்து தரும். இதில் எனக்கு நன்றியே உண்டு.

கணக்குச் சரியாயிருந்தும் தவறுவோர் பலர். இரண்டு பற்சில்லுகளால் இணைக்கப்பட்ட கேம் தண்டு, கிராங்குத் தண்டுக்கு எதிர்த்திசையிற் சுழலும். சங்கிலியால் இணைத்தாலோ ஒரே திசையிற் சுழலும். இதனை மறந்து மேடுகளை மாறிய திசையில் எண்ணி வெட்டிவிட்டால், தண்டு கண்ணாடியிற் கண்ட பிம்பம் போலாகிவிடும். அத்தகைய எஞ்சின் ஓடாது என்று எண்ணவேண்டா. தீப்பொறியையும் அதற்கேற்ப மாற்றினால் அழகாகவே ஓடும், பின்னோக்கி.

வால்வுகளின் தலை ஒரு சிறு சதக்காசினும் மிகச் சிறியது. அது தன் இருக்கையில் நன்கு அமர்கின்றதா என்று அறிய, வால்வை மூடி, அதன் வழியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருப்பர். ஈரம் கசிந்தால் மறுபடியும் தேய்த்தல். நான் ஒரு வால்வுக்குப் பதினொரு முறை தேய்த்தேன்.

தீப்பொறி அமைப்பிற் காலத்தின் மாற்றம் பெரிது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலுமாயின், ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஐம்பது முறையும், நான்கும் சேர்ந்து இருநூறு முறையும் எரிதல் வேண்டும். ஒரே மின்சுருளால் நான்குக்கும் பொறி கொடுப்பின், ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையே அதற்குக் கிடைப்பது நொடியின் இருநூறில் ஒரு பங்கே. அக்கால அளவில் மின்சுருள் காந்தமேறி, அறுந்து, மீண்டும் காந்தமேற வேண்டும். முன்னாளிற் சிறு உலோக முனைகள் திறந்து மூடி இதனைச் செய்தன. அவை கருகும், அதிரும், துள்ளும். இன்று காந்தத்தை உணரும் சிறு மின்னணுத் துண்டொன்று அத்தொழிலை ஓசையின்றிச் செய்கின்றது. பழைய முறையே தூயது என்று வாதிடுவோர் உளர். மழைநாளில் பெல்மதுளையின் ஈரக்காற்றில் பழைய முறையோடு அல்லற்பட்ட எவரும் அவ்வாதத்தை நெடுநேரம் நீட்டார்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலேறும்போது இரண்டு கீழிறங்குவதால், அதிர்வு முற்றும் நீங்கிவிடும் என்று எண்ணல் இயல்பு. முற்றும் நீங்காது. இணைப்புக்கோல் சாய்ந்து நிமிர்வதால் பிஸ்டன் தன் வீச்சின் மேற்பாதியில் விரைவாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் செல்கின்றது. மேலிரண்டும் கீழிரண்டும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்வதில்லை. ஒரு சுற்றுக்கு இருமுறை ஒரு நுண்ணிய உதறல் எஞ்சுகின்றது. சிற்றெஞ்சினில் அது விரலாற் தொடுவோர்க்கு எறும்பூர்வது போலத் தோன்றும். சரியாக முறுக்காத திருகாணிகளை ஒன்றொன்றாக உதிர்க்கவும் வல்லது.

எல்லாம் பூட்டிய பின் உடனே பெற்றோல் ஊற்றி ஓட்டுதல் கூடாது. மின்மோட்டாரால் ஒரு மணிநேரம் வெறுமனே சுழற்றி, எண்ணெயை மாற்றி, மீண்டும் சுழற்றி, வளையங்கள் சுவரோடு பழகிக்கொள்ள விடல் வேண்டும். பின்னரே காபுரேற்றரின் ஊசியைத் திறந்து முயலலாம். முதல் நாளில் எஞ்சின் ஓடுவது அரிது. இருமும், புகைக்கும், ஒரு சிலிண்டர் மட்டும் எரிந்து மற்றவை சும்மா இருக்கும். எது சும்மா இருக்கின்றது என்று அறிய ஒவ்வொரு புகைக்குழாயின்மீதும் ஒரு துளி நீர் விடுக. ஆவியாகாத குழாய்க்குரியவனே சோம்பேறி.

என் எஞ்சின் மூன்றாம் நாள் மாலை ஓடிற்று. அன்று பட்டறையில் என்னுடன் இருந்தவர் ஒருவரே. தோட்டத்து ஸ்டோரில் முப்பதாண்டு எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். எழுத்தறியாதவர், மைக்குரோமீற்றரைக் கையிற் பிடித்ததில்லை. இருட்டில், எஞ்சின் அறைக்கு வெளியே நின்றவாறே, எந்தத் தாங்கிக்கு எண்ணெய் வற்றியது என்று ஒலியாற் சொல்லவல்லவர் என்று அவரைப்பற்றி மக்கள் கூறுவர். இந்தச் சிற்றெஞ்சினைக் கண்டதும் முதலில் நகைத்தார். நான்கு சிலிண்டரும் எரிந்து ஒலி ஒரே இழையாக எழுந்தபோது நகைப்பு நின்றது. முக்காலியில் அமர்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டேயிருந்தார். நான் மகிழ்ச்சியில் திளைத்திருந்தேன்.

ஐந்து நிமிடம் கழிந்திருக்கும். அவர் கையை உயர்த்தினார்.

“தம்பி, மூணு முழுப்பேருக்கு வேலை செய்யுது. ஒண்ணு இப்ப அரைப்பேருதான்.”

தோட்டத்தில் முழுநாள் வேலைக்கு முழுப்பேரும், அரைநாள் வேலைக்கு அரைப்பேரும் பதியும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். என் செவிக்கு எவ்வித வேறுபாடும் தோன்றவில்லை. எனினும் ஒவ்வொரு பிளக்கின் கம்பியையும் முறையே நீக்கிப் பார்த்தேன். முதலாவதை நீக்க ஒலி தாழ்ந்தது. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் அவ்வாறே. மூன்றாவதை நீக்கியபோது ஒலியிற் சிறு மாற்றமே உண்டாயிற்று. எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து அளந்தேன். மூன்றாம் சிலிண்டரின் வெளிவால்வுக்கும் அதனைத் தள்ளும் தண்டுக்கும் இடையே நான் விட்ட இடைவெளி போதாது. குளிர்ந்திருக்கையில் வால்வு ஒழுங்காக மூடிக்கொண்டது. சூடேறியதும் அதன் காம்பு நீண்டு, இடைவெளியை விழுங்கி, வால்வை மூடவொட்டாமல் தாங்கிப் பிடித்துவிட்டது. முதல் நிமிடத்தில் நான்கும் நன்கு ஓடி, ஐந்தாம் நிமிடத்தில் ஒன்று தளர்ந்தமைக்குக் காரணம் இதுவே.

ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு இடைவெளியைக் கூட்டினேன். மீண்டும் ஓட்டினோம். இம்முறை பெரியவர் பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. நீர்த்தொட்டியில் ஆவி மெல்ல எழத் தொடங்கியிருந்தது. பிறகு எழுந்து, தோளிற் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாயிலை நோக்கி நடந்தவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“இப்ப நாலுக்கும் முழுப்பேரு போடலாம் தம்பி.”